ஏழாவது ஆள்

எங்கள் சலவைக்கூடத்தில் அவருக்கு முணுமுணு அக்கா என்று பெயர். நேரில் வெறும் அக்கா, முதுகுக்குப் பின்னால் முணுமுணு. விரிப்பு மடிக்கும்போது அவருடைய உதடு அசையும். ஒரு விரிப்புக்கு ஒரு முறை அசைந்து நிற்கும். அடுத்த விரிப்பை எடுத்ததும் மறுபடி அசையும். இஸ்திரி உருளையின் இரைச்சலில் என்ன சொல்கிறார் என்று யாருக்கும் கேட்காது.

“யாரையோ சபிக்குது” என்று முதல் மேசையில் பேசிக்கொண்டார்கள். “யாரையோ என்ன, சூப்பர்வைசரைத்தான்” என்று இரண்டாவது மேசையில் முடிவே செய்துவிட்டார்கள். மூன்றாவது மேசையில் அவருக்கு எதிர்முனையில் நிற்பவள் நான். வெகுநாள்வரை நானும் அது சாபம் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரியின் பின்பக்கம், தரையிலிருந்து ஐந்து படி இறங்கினால் எங்கள் கூடம். ஒரு கோடியில் மாடிகளிலிருந்து அழுக்கு விரிப்புகள் வந்து விழும். அந்தப் பகுதிக்கு ஈரப்பக்கம் என்று பெயர். அங்கே துவைத்து, காயவைத்து, உருளையில் கொடுத்துச் சூடாக வெளியே வருவதை நாங்கள் மடிப்போம். மூன்று மேசை, மேசைக்கு இரண்டு பேர். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து ஒரு உதறு. நீளவாக்கில் ஒரு மடிப்பு, மறுபடி ஒரு மடிப்பு. பிறகு இரண்டு பேரும் நடந்து நெருங்கி, என் முனைகளை அவர் கையில் கொடுத்துவிட்டு நான் குனிந்து தொங்கும் மடிப்பைப் பிடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு எங்கள் மேசையில் நூற்றெண்பது விரிப்பு. நூற்றெண்பது தடவை முகத்துக்கு முகம். கட்டிய புருஷன் முகத்தைக்கூட ஒரு நாளில் அத்தனை தடவை யாரும் பார்ப்பதில்லை.

நான் சேர்ந்த புதிதில் அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பயம். மழை பெய்தால், வேண்டுமென்றே பெய்கிறது என்பார். வெயில் அடித்தால், யாரைக் கொல்ல இது என்பார். ஒரு நாள் ஒரு புதுப்பெண் நல்ல எண்ணத்தில், “இன்னிக்கு உங்க முகம் பளிச்சுன்னு இருக்குக்கா” என்றாள். “அப்ப நேத்து எப்படி இருந்துச்சு?” என்று கேட்டார் அக்கா. அந்தப் பெண் அதற்குப் பிறகு எங்கள் மேசைப் பக்கம் வந்ததே இல்லை.

அவருக்குக் கோபப்படக் காரணம் இல்லாமல் இல்லை. புருஷன் சின்ன வயதிலேயே போய்விட்டார். கூடப்பிறந்த தம்பி அப்பா வீட்டைத் தன் பெயருக்கு எழுதிக்கொண்டு பேச்சை நிறுத்திவிட்டார். ஒரே மகள். அவளை விரிப்பு மடித்தே வளர்த்தார். அவள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டாள். கல்யாணத்தன்று, வந்திருந்தவர்கள் முன்னால் அக்கா மாப்பிள்ளையைப் பார்த்து, “என் மகளுக்குக் கண்ணு சரியாத் தெரியாது, பார்த்துக்குங்க” என்று சொல்லிவிட்டார். மகள் வேறு ஊருக்குப் போனாள். முதலில் மாதம் ஒரு தடவை போன் வந்தது. பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை. பிறகு அதுவும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் உருளை பக்கத்தில் தலை சுற்றி விழுந்தார். மாடிக்குக் கூட்டிப்போனோம். ரத்த அழுத்தம் எக்கச்சக்கம். டாக்டர் வயசில் சின்னவர், பொறுமைசாலி.

“வீட்டுல ஏதாவது கவலையாம்மா?”

“கவலை இல்ல. கோவம்.”

“யார் மேல?”

“உங்களுக்கு எவ்வளவு நேரம் இருக்கு?”

டாக்டர் சிரித்துவிட்டு மாத்திரை எழுதினார். தினம் கொஞ்ச நேரம் எங்கேயாவது அமைதியாக உட்காருங்கள் என்றார். அக்காவின் தெருக்கோடியில் ஒரு பிரார்த்தனைக் கூடம் இருக்கிறது. சாயங்காலம் அங்கே போய்க் கடைசி வரிசையில் உட்கார ஆரம்பித்தார்.

உதடு அசைய ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். அது என்ன என்று எனக்குத் தெரிந்தது ஒரு மின்வெட்டால். மாடிகளுக்கெல்லாம் ஜெனரேட்டர் உண்டு, எங்கள் கூடத்துக்குக் கிடையாது. நாங்கள் விரிப்போடு நெருங்கி வந்த நேரம். உருளை சட்டென்று நின்றது. அந்த இரைச்சல் போனதும் அக்காவின் குரல் மட்டும் மிச்சமாக நின்றது.

“இவ காதுல ஒரு நல்ல சேதி விழணும்.”

என் முகத்தைப் பார்த்துத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் வெட்கமாகிவிட்டது. மின்சாரம் வர அரை மணி ஆனது. விரிப்புக் குவியல் மேல் உட்கார்ந்து அவர்தான் பேசினார்.

“அந்தப் பிரார்த்தனைக் கூடத்துல கடைசியில எல்லாரும் சேர்ந்து சொல்லுவாங்க. எல்லோரும் நலமாக இருக்கட்டும்னு. நானும் ஒரு மாசம் சொல்லிப் பார்த்தேன். எல்லோரும்னா யாரு? ஒரு மூஞ்சி வரலை. கூட்டத்தைப் பார்த்துக் கையாட்டுற மாதிரி இருந்துச்சு. சரி, எல்லோரையும் கடவுள் பார்த்துக்கட்டும், நாம பத்துப் பேரை எடுத்துக்குவோம்னு எடுத்துக்கிட்டேன்.”

“ஏன்க்கா பத்து?”

“கட்டுக்குப் பத்துதானே?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மடித்த விரிப்பைப் பத்துப் பத்தாக அடுக்கிக் கட்டுக்குத் தள்ள வேண்டும். அடுக்கு அவருடைய பக்கம், அதனால் எண்ணுவதும் அவர்தான். அந்த எண்ணிக்கையில்தான் ஆட்களை உட்கார வைத்திருந்தார்.

“ஒண்ணு ரெண்டுன்னு எண்ணினா வாய்க்கு மட்டும்தான் வேலை. மனசு சும்மா கிடக்கும். சும்மா கிடந்தா எங்க போகும்? நேரா என் தம்பி வீட்டு வாசலுக்குப் போய் நின்னு சண்டை போடும். சாயங்காலத்துக்குள்ள நூறு சண்டை. இப்ப எண்ணுக்குப் பதிலா ஆளு. ஆளுக்கு ஒரு நல்லது. ரெண்டுக்கும் வேலை ஆச்சு.”

முதல் விரிப்பு அதில் படுக்கப்போகும் முகம் தெரியாத நோயாளிக்கு. இரண்டாவது அவர் வரும் பஸ்ஸின் டிரைவருக்கு. மூன்றாவது எனக்கு. நான்காவது அவருடைய மேல்வீட்டுக்காரருக்கு. ஐந்தாவது சூப்பர்வைசருக்கு, ஆறாவது தம்பிக்கு, ஏழாவது எங்கள் அடுக்குகளைக் கட்டுப் போடும் மின்னலுக்கு, எட்டாவது டாக்டருக்கு. ஒன்பதாவது அவருக்கே. “என்னையும் சேர்த்துக்கணும்னு அங்க சொன்னாங்க. அதைச் சொல்லத்தான் கூச்சமா இருக்கும்” என்றார். பத்தாவது மகளுக்கு. மகள் வந்துவிட்டால் கட்டு முடிந்தது. அடுக்கைத் தள்ளிவிடுவார்.

“நல்லா இருக்கணும்னு மொட்டையாச் சொன்னா ஒட்ட மாட்டேங்குது. என்ன நல்லதுன்னு சொல்லணும். அதுக்கு அவங்களைக் கொஞ்சம் உத்துப் பார்க்கணும். அதான் தொல்லை.”

அந்தத் தொல்லைதான் அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றியது. பகல் முழுக்கப் பதினெட்டுத் தடவை ஒருவருக்கு நல்லது சொல்லிவிட்டுச் சாயங்காலம் அவர் மேல் எரிந்து விழ முடியவில்லை. டிரைவருக்கு முதன்முதலாக வணக்கம் சொன்னபோது அவர் பின்னால் திரும்பிப் பார்த்தாராம், வேறு யாருக்கோ சொல்கிறார் என்று. மேல்வீட்டுக்காரர் துணி பிழியாமல் கொடியில் போட, அந்தத் தண்ணீர் அக்காவின் காய்ந்த துணியில் சொட்டும். மூன்று வருஷச் சண்டை. அவருக்கு என்ன நல்லது சொல்லலாம் என்று பார்த்தபோதுதான் அவருடைய வலது கை மடங்காது என்பது தெரிந்தது. பிழியவே முடியாது. “மூணு வருஷமா ஒரு கையைத் திட்டிட்டு இருந்திருக்கேன்” என்றார் என்னிடம். அதற்குப் பிறகு அவருடைய துணியையும் வாங்கிப் பிழிந்து கொடுத்தார்.

மாத்திரை பாதியாகக் குறைந்தது. “நான் நினைச்சதால அவங்களுக்கெல்லாம் நல்லது நடந்துச்சான்னு தெரியாது. எனக்குத் தூக்கம் வருது” என்பார். ஆறு வருஷம் இப்படிப் போனது. இதை அவர் என்னைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கூடத்தில் அது சாபமாகவே இருந்தது.

இனி மின்னலைச் சொல்ல வேண்டும். மூன்று மேசை அடுக்குகளையும் எடுத்து, நாடா போட்டுக் கட்டி, தள்ளுவண்டியில் மாடிவாரியாக ஏற்றுபவள் அவள். கட்டுப் போடும் வேகத்தால் அந்தப் பெயர். கையைவிட வாய் வேகம். அவள் இருக்கும் இடத்தில் சிரிப்புக்குப் பஞ்சம் கிடையாது. வீட்டில் நடக்க முடியாத மாமியார், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள். “எங்க வீட்டுக்காரர் வேலை தேடிப் போன ஊர்ல வேலையைத் தவிர மத்ததெல்லாம் கண்டுபிடிச்சிட்டார்” என்று தன் கதையையே சிரிப்பாக்கிவிடுவாள். அக்காவுக்கு அவளை ஆரம்பத்தில் ஆகாது. ஆகாதவள் என்றுதான் பட்டியலில் சேர்த்தார். சொல்லிச் சொல்லி, ஆகிவிட்டது.

ஒரு நாள் மத்தியானம் எல்லோரும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தோம். முதல் மேசைக்காரிக்கு மகளிடமிருந்து போன் வந்தது. சாப்பிட்டியா, என்ன குழம்பு என்று நீண்டுகொண்டே போனது. மின்னலுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“அக்கா, உங்க போனை எடுத்துக் கொஞ்சம் தட்டிப் பாருங்க. செத்துக் கிடக்குற மாதிரி இருக்கு. உங்க மக நம்பரை மாத்திட்டாளா, இல்ல அம்மாவையே மாத்திட்டாளா?”

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்த பிறகுதான் என்ன சொன்னாள் என்பதே பலருக்கு உறைத்தது. அக்கா டப்பாவை மூடினார்.

“சும்மா சொன்னேன்க்கா” என்றாள் மின்னல்.

அக்கா கை கழுவப் போய்விட்டார். அன்று முழுக்க மின்னல் இரண்டு மூன்று தடவை எங்கள் மேசைப் பக்கம் வந்து நின்றாள். அக்கா நிமிரவில்லை.

அன்று மத்தியானத்திலிருந்து நான் ஒன்று பார்த்தேன். ஆறாவது விரிப்புக்கும் அடுத்த விரிப்புக்கும் நடுவில் அக்கா எச்சில் விழுங்குவார். மாத்திரை இறங்காததுபோல இருக்கும் முகம். பிறகு உதடு தொடர்ந்து அசையும். மனசு ஆறவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

பத்து வேலை நாள் கழித்து நான்காம் மாடித் தலைமை நர்ஸ் படி இறங்கி வந்தார். எங்கள் கூடத்துக்கு அவர் அதற்கு முன் வந்ததே இல்லை.

“ஆறு கட்டு வாங்கினா அறுபது இருக்கணும். அம்பத்தாறுதான் இருக்கு. மீதி நாலு பேரை நின்னுட்டே தூங்கச் சொல்லட்டுமா?”

அன்றைக்கே இன்னும் இரண்டு மாடியிலிருந்து அதே புகார் வந்தது. சூப்பர்வைசர் வண்டியில் இருந்த கட்டுகளைப் பிரித்து எண்ணினார். சிலதில் பத்து, சிலதில் ஒன்பது. அவர் ரொம்ப உயரம், எங்கள் கூடத்தில் எங்கே போனாலும் குனிந்துதான் போவார். குனிந்தபடியே மின்னலின் இடத்துக்குப் பின்னால் இருக்கும் அலமாரியைத் திறந்தார். மிச்சம் விழும் கட்டுகளை வைக்கும் இடம் அது. வழக்கமாக இரண்டு இருக்கும். அன்று இருபத்திரண்டு இருந்தது.

“என்ன இது?”

“மிச்சம் சார்.”

“தினமும் எப்படி மிச்சம் வரும்? வர்றது அளவாத்தானே வருது?”

“எனக்கும் அதான் சார் ஆச்சரியம். நம்ம கூடத்துக்கு நல்ல காலம் பொறந்திருச்சுன்னு நினைச்சேன்.”

அன்று யாரும் சிரிக்கவில்லை.

“கட்டுக்கு ஒண்ணு உருவி, உருவினதைத் தனியாக் கட்டி வச்சிருக்கே. என்னைக்கு வெளிய போறதா இருந்துச்சு?”

மின்னலின் முகம் வெளுத்தது. “சார், நான் எதையும் உருவலை.”

“எண்ணிக் கட்டுறது உன் வேலை. எண்ணினியா, இல்லையா?”

“ரெண்டு மேசையை எண்ணுவேன் சார். மூணாவதை எண்ண மாட்டேன்.”

“ஏன்?”

“அந்த அக்கா கை தப்பாது. ஆறு வருஷத்துல ஒரு தடவை தப்பினதில்ல. அங்க போய் எண்ணினா அவங்களை நம்பாத மாதிரி ஆயிடும்.”

சூப்பர்வைசர் எங்கள் பக்கம் திரும்பினார். “உங்க மேசையில பத்து வச்சுத்தானே தள்றீங்க?”

“பத்துதான்” என்றார் அக்கா. பொய் சொல்லவில்லை. மகள் வந்தால் பத்து. ஆறு வருஷமாக அதுதான் கணக்கு.

அந்த ஒரு வார்த்தையில் மின்னலின் கதை முடிந்துவிட்டது. நாளைக் காலையில் ஆபீசுக்கு எழுதிக் கொடுக்கப்போவதாகவும், அவள் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றும் சூப்பர்வைசர் சொன்னார். திருட்டு என்று ஒரு தடவை எழுதிவிட்டால் அவள் வேறு எந்த ஆஸ்பத்திரியின் படியும் ஏற முடியாது. எங்களுக்கெல்லாம் அது தெரியும். மின்னல் பையை எடுத்துக்கொண்டு போனாள். போகும்போது யாரையும் பார்க்கவில்லை.

உருளை மறுபடி ஓட ஆரம்பித்தது. முனைகளைக் கொடுக்க நெருங்கியபோது அக்கா சொன்னார், “வாய்தான் நீளம்னு நினைச்சேன். கையும் நீளமா?”

ஆறு வருஷத்துக்கு முந்தைய முகம் அது. எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. அடுத்த விரிப்பு, அதற்கடுத்தது. நோயாளி, டிரைவர், நான், மேல்வீட்டுக்காரர், சூப்பர்வைசர், தம்பி. எச்சில் விழுங்கினார். உதடு அசைந்தது. அன்றைக்குத்தான் அது எனக்கு உறைத்தது. நெருங்கி வந்தபோது கேட்டுவிட்டேன்.

“அக்கா, இது யாரு?”

“டாக்டர்.”

“டாக்டர் எட்டாவது இல்லையா? ஏழாவது யாரு?”

அவர் கையில் இருந்த முனைகள் நழுவிவிட்டன. விரிப்பு தரையில் விழுந்தது. அதை எடுக்காமல், தள்ளத் தயாராக ஓரத்தில் இருந்த முந்தின அடுக்கை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். ஒன்பது. மேலிருந்து கீழாக மறுபடி எண்ணினார். ஒன்பதுதான்.

“அவளைச் சொல்ல வாய் வரலை” என்றார். “தாண்டிப் போயிட்டேன். தாண்டினா ஒண்ணு குறையும்னு தோணவே இல்லை.”

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் அவருடைய பஸ் வந்தது. டிரைவர் ஹாரன் அடித்துக்கூடப் பார்த்தார். அக்கா ஏறவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என் பஸ்ஸையும் நான் விட்டேன்.

“உனக்கும் எனக்கும்தான் தெரியும்” என்றார். நான் யாரிடமும் சொல்லமாட்டேன் என்பது அவருக்குத் தெரியும். நினைத்தால் மறைத்துவிடலாம், அதனால்தான் அதைச் சொல்லும்போது அவருடைய குரல் அப்படி இறங்கியது.

“சொன்னா சிரிப்பாங்க. முணுமுணுக்குப் பைத்தியம்னு ஆயிடும். மேசையில இருந்து எடுத்து ஈரப்பக்கம் போட்டாலும் போடுவாங்க. அந்தக் கனம் தூக்க என்னால ஆகாது.” பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். “இப்ப அவ வீட்டுல போய் என்னன்னு சொல்லியிருப்பா? அந்தப் பொண்ணுங்க கிட்ட?”

அவர் கேட்டது என்னை இல்லை.

“ஊருக்கெல்லாம் நல்லது நினைக்கிறேன்னு உட்கார்ந்து, ஒருத்தியைத் திருடியாக்கிட்டேன். அவ என்னடான்னா என் அடுக்கை எண்ணினா எனக்கு அவமரியாதைன்னு நினைச்சிருக்கா.”

மறுநாள் காலை மின்னல் வந்தாள். கண் வீங்கியிருந்தது. சூப்பர்வைசர் முதல் மேசை மேல் காகிதத்தை வைத்தார். அவள் பேனாவை எடுப்பதற்குள் அக்கா வந்து அந்தக் காகிதத்தின் மேல் கை வைத்தார்.

“அவ எடுக்கலை சார். நான்தான் ஒன்பது ஒன்பதாத் தள்ளிட்டு இருந்தேன். நேத்து பத்துன்னு சொன்னது தப்பு.”

“பத்து நாளா? உங்களுக்கா எண்ணத் தெரியாது? பாவம்னு அவளைக் காப்பாத்தப் பார்க்கிறீங்க.”

“எண்ணலை சார். ஆளுங்களைச் சொல்லிட்டு இருந்தேன்.”

“எந்த ஆளுங்களை?”

சொல்லிப் புரியவைக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. “அந்த மிஷினைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க. மடிச்சுக் காட்டுறேன்” என்றார். என்னைப் பார்த்தார். நான் எதிர்முனையைப் பிடித்தேன். அத்தனை பேரும் சுற்றி நின்றார்கள்.

“இதுல படுக்குறவங்க நல்லா எழுந்து போகணும்” என்று முதல் விரிப்பைச் சத்தமாகச் சொன்னார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். “பஸ் டிரைவர் வண்டியில எதுவும் வந்து விழக் கூடாது.” மூன்றாவதாக எனக்குச் சொன்னதை நான் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டேன். “மேல்வீட்டுக்காரருக்குக் கை மடங்கணும்.” ஐந்தாவது விரிப்பில் கொஞ்சம் தயங்கினார். “சூப்பர்வைசர் சார் வாசப்படியில தலையை இடிச்சுக்காம இருக்கணும்.”

கூடமே சிரித்தது. சூப்பர்வைசரின் கை தானாக நெற்றிக்குப் போனது.

“தம்பிக்கு அந்த வீட்டுல நிம்மதி கிடைக்கணும்” என்றார். சிரிப்பு நின்றது. பிறகு டாக்டருக்கு. “எனக்குக் கோவம் வராம இருக்கணும்.” கடைசி விரிப்பை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, “என் மக வீட்டுல யாரும் அவளை என்னை மாதிரிப் பேசக் கூடாது” என்றார். அடுக்கைத் தள்ளினார். “எண்ணிப் பாருங்க சார். பத்து நாளா இப்படித்தான் தள்ளினேன்.”

சூப்பர்வைசர் எண்ணினார். ஒன்பது.

“யாரை விட்டீங்க?”

அக்கா மின்னலைப் பார்த்தார். “இவளை. ஏழாவது இவ. இவ மேல கோவம். சொல்ல மனசு வரலை.”

மின்னல் ஓரடி முன்னால் வந்தாள். “அப்ப நீங்க என்னைச் சொல்லாததுக்கு நான் திருடியா?”

“ஆமா” என்றார் அக்கா.

“நேத்து எங்க மாமியார் படுத்த படுக்கையில இருந்து என் பையைத் துழாவினாங்க. தெரியுமா?”

“எனக்குத் தெரியாது. என் தப்புதான்.”

மன்னிப்பு என்ற வார்த்தையை ஒரே தடவை சொன்னார், மெதுவாக. மின்னல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சூப்பர்வைசர் காகிதத்தை நாலாகக் கிழித்தார். பிறகு கிழித்ததை எங்கே போடுவது என்று தெரியாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “தப்பா நினைச்சுட்டேன்மா” என்று மின்னலிடம் சொன்னார். அக்காவைப் பார்த்து, இனிமேல் எல்லா மேசையும் எண்ணால்தான் எண்ண வேண்டும், அதுவும் வாய்விட்டு என்றார். இரண்டு வாரம் ஈரப்பக்கம் போகச் சொன்னார். கனமான கூடையை அவர் தூக்க வேண்டாம் என்று அங்கே இருப்பவர்களிடம் தனியாகச் சொன்னது எனக்குக் கேட்டது.

அந்த இரண்டு வாரமும் அக்கா செய்ததை யாரும் செய்யச் சொல்லவில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஒரு நாளைக்கு ஒரு மாடி ஏறினார். விரிப்புக் குறைந்தது மின்னலால் இல்லை, தன்னால்தான் என்று ஒவ்வொரு வார்டிலும் தலைமை நர்ஸிடம் நின்று சொன்னார். திருட்டுச் செய்தி மாடிகளிலெல்லாம் பரவியிருந்தது. அது போன இடமெல்லாம் அவரும் போனார். நான்காம் மாடி நர்ஸ், “இதைச் சொல்லவா இவ்வளவு படி ஏறி வந்தீங்க?” என்று நாற்காலியை இழுத்துப் போட்டாராம். ஒரு சாயங்காலம் மின்னலின் வீட்டுக்கும் போனார். மாமியாரின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அந்த அம்மாள், “என் மருமக பையில நானே கை விட்டுட்டேனே” என்று அழுதாராம். மின்னல் கதவோரம் நின்று கேட்டிருக்கிறாள். திரும்பும்போது தெருவிளக்கு வரைக்கும் வந்து விட்டுவிட்டுப் போனாள் என்று அக்கா என்னிடம் சொன்னார். அதைச் சொன்னபோது அவருக்கு முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

அக்கா மேசைக்குத் திரும்பிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. “ஒண்ணு” என்று சத்தமாகச் சொன்னார். சொல்லிவிட்டு உதடு ஒரு முறை மெதுவாக அசைந்தது. இப்போது எண்ணும் உண்டு, ஆளும் உண்டு. ஒரு விரிப்புக்கு ஒரு மூச்சு நேரம் கூடுதலாகப் பிடித்தது. சூப்பர்வைசர் பார்த்துவிட்டுக் குனிந்தபடி நகர்ந்து போனார்.

“ஏழு” என்றபோது மின்னல் நாடாவைக் கையில் சுற்றிக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்து நின்றாள். காகிதம் கிழிந்த நாளுக்குப் பிறகு அக்காவிடம் அவள் வாய் திறந்தது அன்றைக்குத்தான்.

“எனக்கு என்ன சொல்வீங்க?”

“உன் மாமியார் எழுந்து நடக்கணும்னு சொல்வேன்.”

“அது அவங்களுக்கு. எனக்கு என்னன்னு கேட்டேன்.”

அக்கா யோசித்தார். ஆறு வருஷமாகத் தினம் பதினெட்டுத் தடவை அவளைச் சொன்னவர். விரிப்பு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது.

“தெரியலையே” என்றார். “சிரிச்சுட்டே இருக்கியா, உனக்கு என்ன வேணும்னு பார்க்கத் தோணலை. நீயே சொல்லேன்.”

மின்னல் நாடாவைப் பிரித்து மறுபடி சுற்றினாள். அவளுடைய கை அவ்வளவு மெதுவாக வேலை செய்து நான் பார்த்ததில்லை.

“ஒரு நாள் நான் யாரையும் சிரிக்க வைக்காம சும்மா இருந்தாலும், எல்லாரும் என் பக்கத்துல உட்காரணும்” என்றாள். சொல்லிவிட்டு அடுக்குக்குக் காத்திருக்காமல் தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

அக்காவின் உதடு அசைந்தது. பிறகு, “எட்டு” என்றார்.

மத்தியானம் டப்பாக்களைத் திறந்தோம். மின்னல் வந்து உட்கார்ந்தாள். தலையைக் குனிந்து சாப்பிட்டாள். ஒரு வாய், இரண்டு வாய். எல்லோரும் அவளைப் பார்ப்பதும் கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தோம். முதல் மேசைக்காரிக்குப் பொறுக்கவில்லை.

“என்னடி, இன்னிக்கு ஒண்ணும் இல்லையா? சோறே இறங்க மாட்டேங்குது.”

அக்கா தன் டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்து, மின்னலுக்குப் பக்கத்தில் இருந்த இடத்தில் போய் உட்கார்ந்தார்.

“அவ சாப்பிடட்டும்” என்றார்.